பக்கத்து ஊர்க் கிடார்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரை படியுங்கள், ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

ஆரணியில் பஸ் ஏறி, ஆற்காடு போய், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலை, பெல் கம்பெனி, இவ்வளவுதான் அந்த ஊரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். கிடார் பிரசன்னா அங்கே பிறந்தவர் என்று சொன்னால் "யார் சார் அது?" என்கிறீர்கள். வெளிநாட்டில் கிடார் வாசிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1970-இல் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். கப்பல் கட்டப் போகாமல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். கர்நாடக சங்கீதம் கற்றது திருவாரூர் பாலசுப்ரமணியம், வயலின் மேதை கன்னியாகுமரி ஆகியோரிடம். ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசை அவர்தான்.

அறிவியல் வாத்தியார் ஆயிற்றே, எனக்குப் பிடித்தது வேறு விஷயம். கிடாரில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனால் சுரம் மாடிப்படி ஏறுவதுபோல ஏறும். நம் ராகத்துக்குப் படி போதாது. தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். வீணையில் மெழுகின் மேல் பதித்த 24 மெட்டுகளும் உயரமானவை, கம்பியைப் பக்கவாட்டில் நன்றாக இழுக்கலாம். கிடாரில் அவ்வளவு இழுக்க முடியாது. பிரசன்னா ஒரே கம்பியின் நெடுக விரலைச் சறுக்கி அந்தக் கமகத்தைக் கொண்டுவருகிறார். எவ்வளவு அழுத்தம், எங்கே தளர்வு என்பது விரலுக்குத்தான் தெரியும். பாவைத் தொட்டுப் பார்த்தே விறைப்பு சரியா என்று சொல்கிற வீட்டுப் பிள்ளைகள் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிடாரில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வயலின் மட்டும் எங்கிருந்து வந்ததாம்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து அது நம்முடையது.

தொண்ணூறுகளில் வந்த அவருடைய முதல் ஆல்பங்கள் கர்நாடக இசைதான். ஆனால் 'நான் இன்னார்' என்று அவர் உரக்கச் சொன்னது 2006-இல் வந்த 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தில் என்பது என் கட்சி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1968-இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' பெயரை வைத்து விளையாடியிருக்கிறார். அலறுகிற ராக் கிடார், கூடவே நம் தாளக் கருவிகள். ஒரு பாட்டின் பெயரில் திருவல்லிக்கேணி வருகிறது! எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் என் வயதுக்கு இரைச்சல் அதிகம். சபாக்காரர்களுக்கு இது ராக், ராக் ரசிகர்களுக்கு இது கர்நாடகம். இரண்டு ஊருக்கும் நடுவில் வீடு கட்டினால் தபால் சீக்கிரம் வராது. தேடிப் போய்க் கேட்டவர்கள் விடவே மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்த ஒருவர், பட்டுத் தறி நெய்பவர், போன மாதம் வீட்டுக்கு வந்தார். பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. படிப்பை நிறுத்திவிட்டுக் கிடார் வாசிக்கப் போகிறானாம். "பீஸ் கட்ட ரெண்டு தறியில ஒண்ண வித்துட்டேன் சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். பையனைக் கூப்பிட்டேன். பிரசன்னா பேரைச் சொன்னான். "அவரே படிப்பை முடிச்சாரேப்பா" என்றேன்.

"முடிச்சு என்ன சார், கப்பலா கட்டினார்?"

சரியான கேள்விதான். பதில் சொல்லாமல் வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். சுமார்தான். ஆனால் இடது கை விரல் நுனிகளைப் பார்த்தேன், காய்ப்பு ஏறியிருந்தது. ஒரு மாத ஆசையில் வருகிற காய்ப்பு இல்லை அது. "விற்ற தறிக்கு நீ கணக்குச் சொல்லணும், இன்னும் ரெண்டு வருஷம் படி" என்றேன். அப்பாவிடம், "கிடாரைப் பிடுங்காதே" என்றேன். இரண்டு பேருக்கும் என்மேல் கோபம்.

அவனுக்குக் கமகம் சொல்லித்தர ஒருவர் வேண்டும். வீணை வித்வானாக இருந்தாலும் சரி. வேலூர், காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் இருப்பவர்கள் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சம்பளத்தை அவன் அப்பாவிடம் பேச வேண்டாம், என்னிடம் பேசுங்கள்.