எந்த உலோகம் காக்கும்?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுள் சிலர் நாளை மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரியக்கூடும். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972 முதல் அத்தொழில் வேரூன்றியுள்ளது. ஆதலால் இதனை எழுதுகிறேன்.

மின்காந்த இடையூற்றிலிருந்து கருவிகளைக் காக்க உலோக உறை இடுவர். ‘தடித்த உலோகமே சிறந்தது’ என்று மனனம் செய்தால் போதாது. இடையூறு எத்தகையது என்று முதலில் கேட்க வேண்டும்.

கைப்பேசியின் உயர் அதிர்வெண் அலை உலோகத்தின் மேற்பரப்பிலேயே அடங்கிவிடும். மெல்லிய அலுமினியத் தாளே அதற்குப் போதும். 50 ஹெர்ட்ஸ் மின்மாற்றியின் காந்தப்புலமோ 9 மில்லிமீட்டர் செம்பைக் கடந்த பின்னும் மூன்றில் ஒரு பங்கு வலிமையோடு நிற்கும். அதற்கு எஃகோ நிக்கல்–இரும்புக் கலவையோ வேண்டும். அவை காந்தப்புலத்தைத் தம்வழியே திருப்பிவிடும். செம்பு மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தின் எடையோ செம்பினதில் மூன்றில் ஒரு பங்கே. நம் மலைக்கு மேற்கே, கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த வெள்ளீயத்திற்கும் இதில் பங்குண்டு: அதைப் பூசிய எஃகு எளிதில் துருப்பிடிக்காது, பற்றவைப்பதும் எளிது.

வீட்டிலேயே சோதியுங்கள். பிஸ்கட் டின்னுக்குள் கைப்பேசியை வைத்து அழைத்தால் பெரும்பாலும் ஒலிக்கும். அலுமினியத் தாளால் இடைவெளியின்றிச் சுற்றினால் அடங்கிவிடும். டின் தடித்ததுதான், ஆயினும் மூடியோரத்து நீண்ட இடுக்கு அலைக்கு வாசலாகிறது.

‘ஏன்?’ என்று பிள்ளை தமிழிலேயே கேட்கட்டும்; தமிழிலேயே விடை காணட்டும். உலோகத்தை வெட்டுபவராக மட்டுமன்றி, எந்த உலோகம் வேண்டும் என்று முடிவு செய்பவராகவும் நம் பிள்ளைகள் உயர வேண்டாமா?