பச்சை ஒயரை விட்டுடாதீங்கப்பா!

எங்க ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து டேனரிகள்ல தரை எப்பவும் ஈரம்தான். பச்சைத்தோல் உப்பு போட்டு வர்றதால அந்தத் தண்ணியிலயும் உப்பு.

டிரம்மைச் சுத்துற மோட்டார் அதிரும். அதனால சுவத்துப் பைப்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல மட்டும் பிளெக்ஸிபிள் பைப் போடுவாங்க. உள்ள வரிவரியா இருக்கும், ஒயர் முட்டிக்கும். பைப்பை நேரா நிமித்தி, ஒயர் நுனிகளை முன்னபின்ன வச்சு கம்பியில கட்டி, மேல டேப் சுத்தி, பவுடர் தடவி இழுத்தா வழுக்கிட்டு வந்துடும். கிரீஸ் வேணாம், ஒயரோட பிவிசி உறை கெட்டுடும்.

இதெல்லாம் கைப்பழக்கம். எனக்குக் கோபம் வர்றது வேற இடத்துல. சிவப்பு, மஞ்சள், நீலம் மூணையும் இழுத்துட்டு, "பைப்பே இரும்புதானே, அதுவே எர்த்"னு பச்சை ஒயரை விட்டுடறாங்க. 1956 இந்திய மின்சார விதிகள்லயே மோட்டார் பாடிக்கு 2 தனித்தனி எர்த் கேட்டிருந்தாங்க. இங்க ஒண்ணுக்கே பஞ்சம்!

உப்புத்தண்ணி அந்த இரும்புச் சுருளை அரிச்சுடும். எர்த் போனது யாருக்கும் தெரியாது, மோட்டார் பாட்டுக்கு ஓடும். என்னிக்காவது உள்ள இன்சுலேஷன் போனா, ஈரத்தரையில நின்னு மோட்டாரைத் தொடறவர் உடம்புதான் எர்த்.

இழுக்கும்போதே பச்சையையும் சேர்த்துக் கட்டிடுங்க. தனி வேலைகூட இல்லை.