பழைய மட்டையும் புதிய மட்டையும்

"ஹாலந்து எங்கே, கோவில்பட்டிக் கரிசல் எங்கே?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் சென்ற ஆண்டு என்னைத் தூக்கி நிறுத்தியது ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஹாக்கிக் கழகம் ஒன்றின் வரலாறுதான் என்றால் மிகையாகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தேன். இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மாணவன். கல்லூரியிலோ பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. விசையும் முடுக்கமும் எனக்குத் தெரிந்தவைதாம். அவற்றையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கை நடுங்கும். முதல் பருவத்தில் இரண்டு தாள்கள் அரியர். ஆலைக்கே போய்விடலாமா என்று எண்ணியிருந்த ஒரு மாலையில், ஆட்டம் முடிந்த பின் எங்கள் உடற்கல்வி இயக்குநர் இந்த வரலாற்றைச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

பனிக்கட்டியின் மேல் மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டத்திற்கு 'பேண்டி' என்று பெயர். 1891இல் பிம் முலியர் என்பவர் அதை நெதர்லாந்தில் அறிமுகம் செய்தார். அடுத்த ஆண்டே, 1892இல், ஆம்ஸ்டர்டாம் ஹாக்கி அண்டு பேண்டி கழகம் பிறந்தது. 1898இல் நாடு முழுமைக்குமான ஹாக்கிச் சங்கமும் அமைந்தது.

ஆனால் அவர்கள் ஆடிய ஹாக்கி தனி வகை. பந்து மென்மையானது, மட்டையின் இரு பக்கமும் தட்டை. எந்தப் பக்கத்தாலும் அடிக்கலாம். உலகில் வேறு எவரும் அப்படி ஆடவில்லை. 1928 ஒலிம்பிக் ஆம்ஸ்டர்டாமில் நடக்கவிருந்தது. எனவே 1926இல் தங்கள் ஆட்டத்தையே கைவிட்டு, உலக விதிகளுக்கு மாறினார்கள்.

மட்டை பிடித்தவர்களுக்குத்தான் இதன் வலி புரியும். புதிய மட்டையில் ஒரு பக்கமே தட்டை. இடப்புறம் வரும் பந்துக்கு மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். பந்தோ கல் போன்றது. பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்தவர்கள், நேற்றுச் சேர்ந்த சிறுவனைப்போல் முதலிலிருந்து தொடங்கினார்கள். கூச்சம் இருந்திராதா?

இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டு அணி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை எட்டியது. 1928 மே 26 அன்று, தியான் சந்த் ஆடிய நம் இந்திய அணியிடம் 0-3 என்று தோற்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல்கள் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. அத்தகைய அணியிடம் தோற்று வெள்ளி பெறுவது இழிவா?

45 ஆண்டுகள் கழிந்தன. 1973இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஆம்ஸ்டல்வேனில் இக்கழகம் ஆடும் வாகனர் மைதானத்தில் நடந்தது. எதிரே மீண்டும் இந்தியா. 2-0 என முந்தியிருந்தது நம் அணி. ஆட்டம் 2-2 என்று சமனாகி, பெனால்டி ஸ்டிரோக்கில் 4-2 என்று நெதர்லாந்து கோப்பையை வென்றது. இந்தியன் என்ற முறையில் அதைப் படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. மாணவன் என்ற முறையில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து தினமும் பத்து ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு எழுதிப் பழகினேன். வகுப்பில் தப்பும் தவறுமாகக் கேள்வி கேட்டேன், சிலர் சிரித்தனர். இரண்டு அரியர்களில் ஒன்றில் தேறிவிட்டேன். மற்றொன்று வரும் ஏப்ரலில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழகம் இன்று ஆடுவது ஹாக்கி. ஆயினும் தன் பெயரிலிருந்து 'பேண்டி'யை அது நீக்கவில்லை. நானும் தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவேன். வீட்டுக்குப் போய், விசை என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தமிழில்தான் சொல்லுவேன்.