பூரண எண்களில் ஐந்தாவது

தன்னைத் தவிர்த்த ஏனைய வகுத்திகளையெல்லாம் ஒருங்கே கூட்டினால் மீண்டும் தானே ஆகிவிடும் எண்ணைப் பூரண எண் என்பார்கள். 6, 28, 496, 8128 என்னும் நான்கையும் அறிந்திருந்த கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ், அவை ஓரிலக்கம், ஈரிலக்கம் எனப் படிப்படியாக வளர்ந்து, 6, 8 என்று மாறி மாறி முடியும் எனக் கருதியதில் வியப்பில்லை. ஆனால், அடுத்துவரும் 33550336 எட்டு இலக்கங்களோடு தோன்றி முதல் அனுமானத்தைத் தகர்க்கிறது. ஆறாவதான 8589869056-ம் 6-லேயே முடிந்து மற்றதையும் பொய்யாக்கிவிடுகிறது.

எனக்குப் பிரியமானது அந்த ஐந்தாவதுதான். யூக்ளிட் வகுத்த விதிப்படி 8191 என்ற பகா எண்ணை 4096-ஆல் பெருக்கப் பிறப்பது அது. 1, 2, 4 என்று இரட்டித்து 4096 வரை செல்லும் பதின்மூன்று வகுத்திகள் சேர்ந்து 8191 ஆகின்றன, 8191 முதல் 16775168 வரை அவ்வாறே இரட்டிக்கும் பன்னிரண்டும் சேர்ந்து 33542145 ஆகின்றன, இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஓர் அலகுகூடப் பிசகாமல் மூல எண்ணே வந்து நிற்கிறது. (அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 28 என்பது, பத்தடிமான எழுத்துமுறையின் யதேச்சையே ஆயினும், ரசிக்கத்தக்கது.)

1 முதல் 8191 வரை எல்லா எண்களையும் கூட்டினாலும் அதுவே வருவதால் அது முக்கோண எண். 1 முதல் 127 வரையுள்ள ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் அதுவே. இருமக் குறியீட்டிலோ பதின்மூன்று ஒன்றுகளும், அவற்றின் பின்னே பன்னிரண்டு பூஜ்யங்களும். இரட்டைப்படைப் பூரண எண்கள் அனைத்தும் யூக்ளிட் விதிக்குள்ளேயே அடங்கும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். ஒற்றைப்படையில் ஒன்றேனும் உண்டா என்பதற்கு மட்டும் இன்றளவும் விடை கிடைத்தபாடில்லை.