ரப்பருக்கு என்ன வியாதி?

ஆங்கிலத்தில் ‘க்யூர்’ என்று ஒரு வினைச்சொல். உங்களுக்குத் தெரிந்ததுதான், குணப்படுத்துவது. ஆனால் ராணிப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி யாராவது ஒரு டேனரிக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு டாக்டர் ஞாபகம் வராது. உப்பு ஞாபகம் வரும்.

ஆட்டை உரித்த சில மணி நேரத்தில் நம் ஊர் வெயிலுக்குத் தோல் அழுக ஆரம்பித்துவிடும். அதனால் சதைப் பக்கத்தில் உப்பை அள்ளிப் பூசி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் உப்பு போகும். இதற்குப் பெயர் க்யூரிங். கருவாடு போடுவதும் க்யூரிங்தான். வீடு கட்டியவர்களுக்கு இன்னொன்று தெரியும்: கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து தண்ணீர் விடுவது. ‘க்யூரிங் மட்டும் ஒழுங்கா பண்ணிடுங்க சார்’ என்று மேஸ்திரி நம் தலையில் வேலையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

எல்லாவற்றுக்கும் வேர் லத்தீன் ‘கூரா’. கவனிப்பு என்று அர்த்தம். மியூசியத்தில் இருக்கும் க்யூரேட்டரும் இதே குடும்பம்தான்.

சில வருஷம் முன்னால் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தைவான்காரர். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் டெக்னீஷியன். முதுகு வலியாம். “எங்க ஊர் டாக்டர் என்னை மூணு மாசம் க்யூர் பண்ணினார். இன்னும் வலிக்குது” என்றார் ஆங்கிலத்தில். க்யூர் பண்ணியிருந்தால் எப்படி சார் வலிக்கும் என்று கேட்டேன். ட்யூஷன் எடுத்த பழக்கம், சும்மா இருக்க முடியவில்லை. அவரும் விடவில்லை. “நாங்க தினமும் ரப்பர் சோலை க்யூர் பண்றோம். ரப்பருக்கு என்ன வியாதி?” என்றார்.

கேள்வி நியாயமானது. ரப்பரை கந்தகத்தோடு சூடாக்கி இறுகவைப்பதும் ஆங்கிலத்தில் க்யூர்தான். அவர் பாஷையில் அதற்கு வேறு சொல், உப்பு போடுவதற்கு வேறு சொல். நோய்க்கு மட்டும் ‘ஜி’ மாதிரி ஒலிக்கும் ஒரு சொல். அதுவோ முயற்சியைத்தான் சொல்லும். வைத்தியம் பார்த்தாலும் ‘ஜி’தான். பலித்துவிட்டால் பின்னால் ‘ஹாவ்’ சேர்த்து ‘ஜி ஹாவ்’ என்பார்கள். மூன்று வருஷம் ‘ஜி’ செய்தும் ‘ஜி ஹாவ்’ ஆகவில்லை என்று சீனத்தில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலம் இதை இரண்டு வினையாக வெட்டி வைத்திருக்கிறது. ‘ட்ரீட்’ என்றால் முயற்சி, ‘க்யூர்’ என்றால் முடிவு. மூன்று மாதம் ட்ரீட் பண்ணலாம். க்யூர் ஆனால் ஆனதுதான்.

நமக்கு இதில் குழப்பமே இல்லை, கவனித்தீர்களா? “எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு, மருந்துக்குக் கேக்கல” என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட இரண்டையும் பிரித்துத்தான் சொல்வாள். தானாக மூடும் புண்ணுக்கு ‘ஹீல்’ என்கிறான் வெள்ளைக்காரன். நாம் ஆறுகிறது என்கிறோம். பக்கத்திலேயே பாலாறு. சிலேடை தானாக வந்து நிற்கிறது, நான் கூப்பிடவில்லை.

இந்தச் சொல்லுக்கு இந்தப் பக்கத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. ராணிப்பேட்டையில் ஸ்கட்டர் ஆஸ்பத்திரி தொடங்கியது 1866-ல். அந்தக் குடும்பத்து ஐடா ஸ்கட்டர் பிறந்தது இதே ஊரில், 1870-ல். அவர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. காட்பாடி தாண்டி கரிகிரியில் தொழுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி 1955-லிருந்து இருக்கிறது. தொழுநோயில் ‘க்யூர்’ என்ற சொல் கொஞ்சம் தடுமாறும். கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி செத்துவிடும். மெடிக்கலாக அவர் க்யூர்டு. ஆனால் போன உணர்ச்சி போனதுதான். செருப்புக்குள் ஆணி ஏறினாலும் தெரியாது. தினமும் காலை ஊறவைத்து, எண்ணெய் தடவி, புண் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். லத்தீன்காரனின் ‘கூரா’ அங்கேதான் மறுபடி வருகிறது.

இதே மண்ணில் தோலைக் காப்பாற்றிய உப்பு என்ன ஆகிறது? டேனரியில் முதல் வேலையே தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. கழுவின தண்ணீர் பல வருஷம் நிலத்துக்கும் பாலாற்றுக்கும் போனது. கிணறு உப்பானது, தென்னை காய்ந்தது. எல்லாரும் குரோமியத்தையே திட்டுவார்கள். அதுவும் சாதாரணமில்லை: சிப்காட்டில் 1990-களில் மூடின ஒரு குரோமேட் ஆலை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. ஆனால் டேனரித் தண்ணீரில் இருக்கும் குரோமியத்தைத் தனியே பிரித்து மறுபடி உபயோகிக்க வழி இருக்கிறது. கரைந்த உப்பு அப்படி இல்லை. சாதாரண சுத்திகரிப்பில் அது அசையாது. சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அப்புறமும் உப்பு மூட்டையாக உட்கார்ந்திருக்கும்.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசு பண்ணினவர் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்ட மண்ணையும் நீரையும் பழையபடி ஆக்கும் செலவும் அவருடையதே என்றது. இந்திய சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கிற தீர்ப்பு. 2025 ஜனவரியில் இதே டேனரி விவகாரத்தில் அதே கோர்ட் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

நடுவில் கட்டினதெல்லாம் ‘எஃப்ளுவென்ட் ட்ரீட்மென்ட் பிளான்ட்’. ஆங்கிலப் பெயர் யோக்கியமானது. ட்ரீட் பண்ணுவேன் என்கிறது, அவ்வளவுதான். நாம்தான் ‘சுத்திகரிப்பு நிலையம்’ என்று பெயர் வைத்து, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டோம். பாட்டி பிரித்துச் சொன்னதை போர்டு எழுதினவர் பிரிக்கவில்லை. 2015 ஜனவரி 31-ல், விடிவதற்கு முன், சிப்காட்டில் அப்படி ஒரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

உப்பைக் குறைத்து, அல்லது உப்பே இல்லாமல் தோலைக் கெடாமல் வைக்க முடியுமா என்று சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரொம்ப வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முறைகளும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் தோலுக்கு முதலில் உப்புப் பூசுவது டேனரி இல்லை. எங்கோ ஒரு கசாப்புக் கடைக்குப் பின்னால், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கும் ஒரு ஆள். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஒரு மூட்டை உப்பு. அதுதான் விலையும் குறைச்சல்.