வயல் பாதையின் போர்ஷே

மழை பெய்து ஓய்ந்த காலை. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஜப்பானிய விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஊர், குன்மா மாகாணத்து மலையடிவாரம். முட்டைக்கோஸ் பெட்டிகளைக் கொண்டுபோக வேண்டும். அதற்குமுன், காலி வண்டியோடு சேற்றுச் சரிவில் இறங்கி வயலுக்குப் போக வேண்டும். லோடு ஏற்றியபின் அதே சரிவில் ஏறி வர வேண்டும். அவரிடம் இருப்பது வெள்ளை நிறக் குட்டி லாரி. வாங்கி இருபது வருடம் ஆகிறது. வயலுக்குப் போவது, மருந்துக்கடைக்குப் போவது, பேரனை ரயில் நிலையத்தில் இருந்து அழைத்து வருவது என எல்லாமே அந்த வண்டியில்தான்.

ஜப்பானில் இந்த வகை வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசுத் தகுதிச் சோதனை உண்டு. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் பெரியவருக்கு ஒரே யோசனை. பழைய வண்டியைத் தேற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமா? புதிது வாங்கினால் எத்தனை வருடம் ஓட்டப்போகிறோம்? இல்லை, வண்டியோடு சேர்த்து விவசாயத்தையும் விட்டுவிடலாமா? அந்த நாட்டில் விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகச் செய்பவர்களின் சராசரி வயது, 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே 67-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே, இந்த யோசனை ஒருவர் வீட்டோடு முடிகிற விஷயமில்லை.

அவர் வைத்திருக்கும் வண்டியின் பெயர் ‘சாம்பார்’. சிரிக்க வேண்டாம், நம் வீட்டுச் சாம்பார் இல்லை. நம் காடுகளில் கடமான், மிளா என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய மானுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. ஜப்பானியர் வாயில் அது கடைசி எழுத்து தேய்ந்து ‘சம்பா’ என்றே ஒலிக்கும். நெல் விளையும் ஊர் வண்டிக்குப் பொருத்தமான பெயர்தான். தயாரித்த நிறுவனம், சுபாரு.

புழு மனையில் தொடங்கிய கதை

சுபாருவின் மூல நிறுவனத்தைத் தொடங்கியவர் சிகுஹெய் நகாஜிமா. குன்மாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கடற்படை அதிகாரியாகி, விமானத்தின் மீது ஏற்பட்ட ஆசையால் வேலையை விட்டுவிட்டு 1917-இல் சொந்த ஊருக்கே திரும்பி வந்தார். குன்மா அன்று பட்டுக்குப் பேர்போன பகுதி. அங்கே பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதில்தான் தன் விமான ஆராய்ச்சிக் கூடத்தை ஆரம்பித்தார். புழு மனையில் தொடங்கிய அந்தத் தொழில், நாட்டின் பெரிய போர் விமான நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

1945-இல் போரில் ஜப்பான் தோற்றதும், விமானம் செய்யவே தடை வந்தது. கையில் தொழில் தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள், செய்ய வேலை இல்லை. 1946-இல் ‘ராபிட்’ என்ற ஸ்கூட்டரைச் செய்தார்கள். குண்டுவீச்சு விமானத்தின் வால்சக்கரத்துக்கு வைத்திருந்த டயர்தான் முதல் ஸ்கூட்டர்களுக்கு உதவியது. 1950-இல் நிறுவனம் 12 துண்டுகளாக உடைக்கப்பட்டது. அவற்றில் ஐந்து நிறுவனங்கள் 1953-இல் மீண்டும் கைகோத்து, ‘ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ்’ என்ற புது நிறுவனத்தை உருவாக்கின. கார் செய்யத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘சுபாரு’.

சுபாரு என்றால் ஜப்பானிய மொழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். ஒன்று சேர்வது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. முத்திரையில் ஒரு பெரிய நட்சத்திரமும் ஐந்து சிறிய நட்சத்திரங்களும் இருக்கும். ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒன்று என்பது அதன் கணக்கு. கார்த்திகையை ‘அறுமீன்’ என்று சொன்ன மொழி நம்முடையது. அந்த முத்திரையிலும் நட்சத்திரங்கள் ஆறுதான்.

பொறிவண்டும் குட்டி லாரியும்

போருக்குப் பின் மக்களிடம் பணம் இல்லை. சாலைகளும் குறுகல். அதனால் ‘கெய்’ என்ற சிறு வாகன வகையை அரசு ஏற்படுத்தியது. ‘கெய்’ என்றால் இலகுவானது. இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், இவ்வளவு சி.சி என்ற வரம்புக்குள் இருந்தால் வரி குறைவு, வாங்குவதும் சுலபம். அந்த வரம்புக்குள் 1958-இல் வந்தது ‘சுபாரு 360’ கார். வடிவமைப்புக் குழுவின் தலைவர் ஷின்ரோகு மொமோசே, பழைய விமானப் பொறியாளர். விமானத்தில் ஒவ்வொரு கிராம் எடையையும் எண்ணிப் பழகியவர்கள் செய்த கார் என்பதால், மொத்த எடையே 385 கிலோதான். அதில் நான்கு பேர் உட்காரலாம். மக்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர், பொறிவண்டு. அசுவினியைத் தின்று பயிரைக் காக்கும் அதே பொறிவண்டுதான்.

அந்தக் காரின் நுட்பத்தை எடுத்து, 1961-இல் சரக்கு வண்டியாக்கினார்கள். அதுதான் ‘சாம்பார்’. காரில் இருந்ததுபோலவே இதிலும் இன்ஜின் பின்பக்கம், பின் அச்சுக்கும் பின்னால். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். மற்ற நிறுவனங்களின் குட்டி லாரிகள் பலவும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கையே நம்பியிருந்தபோது, இவர்கள் இந்த இரண்டு விஷயங்களையும் ஐம்பது வருடம் விடவில்லை.

இன்ஜின் பின்னால் இருந்தால் என்ன லாபம்?

சரக்கு வண்டிகளில் இழுவை பெரும்பாலும் பின்சக்கரத்துக்குத்தான். லோடு இருக்கும்போது பின்பக்கம் எடை விழும், சக்கரம் மண்ணைப் பிடிக்கும். காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் இலேசாகிவிடும். ஈர வரப்பு மேட்டில் ஏறினால் சக்கரம் அதே இடத்தில் சுற்றும், சேற்றை வாரி அடிக்கும், வண்டி நகராது. மழை நாளில் காலி வண்டியைத் தள்ளியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாம்பாரில் இன்ஜினே பின்சக்கரத்தின் மேல் ஒரு நிரந்தர லோடாக உட்கார்ந்திருக்கிறது. காலியாக இருந்தாலும் பிடிமானம் குறையாது. 1980-இல் நான்கு சக்கர இழுவையும் வந்தது. அதன்பின் சேற்றிலும் பனியிலும் நம்பிப் போகலாம் என்ற பெயர் ஏற்பட்டது. ஜெர்மனியின் புகழ்பெற்ற போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காருக்கும் இன்ஜின் பின்னால்தான். அதனால் இந்தக் குட்டி லாரிக்கு ஜப்பானியர்கள் வைத்த பட்டப்பெயர், ‘வயல் பாதையின் போர்ஷே’. கேலியும் பெருமையும் சரிபாதி கலந்த பெயர்.

அளவும் விவசாயிக்கு ஏற்றதுதான். இன்றைய கெய் வரம்புப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர். அதாவது சுமார் 11 அடிக்கு 5 அடி. ஏற்றக்கூடிய எடை 350 கிலோ. இன்ஜின் 660 சி.சிக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் ‘குட்டியானை’யையும்விடச் சிறியது. இரண்டு வயல்களுக்கு நடுவே உள்ள ஒற்றைப் பாதையில் கண்ணாடியை மடக்காமல் போகலாம்.

வைத்திருப்பவர்கள் சொல்வது

சாம்பார் உரிமையாளர்கள் முதலில் சொல்வது, வண்டியின் மென்மையை. தக்காளி, முட்டை, பீச் பழம் போன்ற நசுங்கும் பொருட்களைக் கொண்டுபோக இதுவே சரி என்பது அவர்கள் கட்சி. அடுத்தது சத்தம். சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் வண்டிகளில் சூடும் இரைச்சலும் ஓட்டுநருக்குத்தான். இதில் இன்ஜின் பின்னால் இருப்பதால் கேபினில் பேசுவது கேட்கும். 1990 முதல் நான்கு சிலிண்டர் இன்ஜின் வந்தது. மற்ற குட்டி லாரிகளில் மூன்று சிலிண்டர்தான். அதனால் அதிர்வும் குறைவு.

ஜப்பானின் விவசாயக் கூட்டுறவு அமைப்பான ஜே.ஏ, தன் உறுப்பினர்களுக்காக ‘ஜே.ஏ சாம்பார்’ என்றே ஒரு தனி ரகத்தை விற்றது. ஒரு லாரி வைத்து ஒருவரே ஓட்டும் சரக்கு ஓட்டுநர்களின் கூட்டுறவான ‘அகாபோ’வும் இந்த வண்டியையே தேர்ந்தெடுத்தது. அவர்களுக்காக, நாள் முழுவதும் ஓடினாலும் தாங்கும்படி பலப்படுத்திய தனி இன்ஜினையே நிறுவனம் செய்து கொடுத்தது. சிறு ஆட்கள் கூட்டாக நின்று கேட்டால், பெரிய நிறுவனமும் இறங்கி வந்து செய்து தரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

குறைகளையும் அவர்களே சொல்கிறார்கள். முதல் குறை, பெட்ரோல். நான்கு சிலிண்டருக்கான விலை அது. இரண்டாவது, சூடு. லோடு தளத்தின் பின்பகுதிக்கு அடியில் இன்ஜின் இருப்பதால், கோடையில் அந்த இடத்தில் கீரையை வைத்தால் வாடிவிடும். விவரம் தெரிந்தவர்கள் கீரையை முன்பக்கமும், உரமூட்டையைப் பின்பக்கமும் வைப்பார்கள். மூன்றாவது, துரு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, அடிப்பாகத்தைத் தின்றுவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும் பழைய வண்டியை வாங்கி, அடியில் குனிந்து பார்க்காததால் ஏமாந்தவர்கள் உண்டு. நான்காவது, டைமிங் பெல்ட். கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றாவிட்டால், ஒருநாள் நடுவழியில் அறுந்து நிற்கும்.

இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு, வண்டியை விற்கிறீர்களா என்று கேட்டால் மாட்டேன் என்பவர்கள்தான் அதிகம்.

நிறுத்தப்பட்ட நாள்

2008-இல் நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது. இனி கெய் வண்டிகளைத் தானே உருவாக்கப் போவதில்லை, டைஹட்சு நிறுவனத்திடம் வாங்கித் தன் பெயரில் விற்கப்போகிறது என்று. காரணம், கணக்குதான். கெய் வரம்பு ஜப்பானுக்கு மட்டும் உள்ளது. அந்த வண்டியை அப்படியே வெளிநாட்டில் விற்க முடியாது. ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபமும் சொற்பம். சுபாருவோ கார் நிறுவனங்களில் சிறியது. அதற்கு வருமானம் கொட்டுவது, அமெரிக்காவில் விற்கும் பெரிய கார்கள். டொயோட்டாவும் அதன் பங்குகளை வாங்கியிருந்தது. டைஹட்சு, டொயோட்டா குடும்பத்து நிறுவனம். ஒரே குடும்பத்தில் இருவர் எதற்குக் குட்டி லாரி செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, விவசாயியிடம் பதில் இருந்தாலும் கணக்குப் பிள்ளையிடம் இல்லை.

2011-இல், ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, சுபாருவின் பந்தயக் கார்களுக்கு அடிக்கும் அதே நீல நிறத்தில் 1,000 சாம்பார்களை அறிவித்தார்கள். வாங்க ஆட்கள் போட்டி போட்டார்கள். 2012 பிப்ரவரியில் உற்பத்தி நின்றது. குன்மாவின் ஓட்டா நகரில் உள்ள அந்தத் தொழிற்சாலை, டொயோட்டாவோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்யும் இடமாக மாறியது. வயல் பாதையின் போர்ஷே வெளியேறிய இடத்தில், நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் வந்து உட்கார்ந்தது.

இன்றும் சுபாரு கடையில் ‘சாம்பார்’ என்ற பெயரில் குட்டி லாரி கிடைக்கும். அது டைஹட்சுவின் ‘ஹைஜெட்’. மோசமான வண்டி இல்லை. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், புது வசதிகள் உண்டு. ஆனால் இன்ஜின் முன்பக்கம், சீட்டுக்கு அடியில். ஹோண்டாவும் தன் ‘ஆக்டி’ குட்டி லாரியை 2021-இல் நிறுத்திவிட்டது. இன்ஜினைப் பின்பக்கம் தள்ளி வைத்த இன்னொரு வண்டி அது. ஆக, விவசாயி தேர்ந்தெடுக்க இருந்த ரகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

விதை நெல்லாக இருந்தால், கடையில் நின்றுபோன ரகத்தையும் வீட்டில் எடுத்துவைத்து அடுத்த பட்டத்தில் விதைத்துக்கொள்ளலாம். வண்டியில் அது முடியாது. செய்கிறவர் நிறுத்திவிட்டால், இருப்பதைத் தேற்றிக்கொண்டு போவதுதான் வழி. கூட்டுறவு கேட்டதால் தனி ரகமே கிடைத்தது. ஆனால், அதைத் தொடர்ந்து செய்ய வைக்கும் பலம் அந்தக் கூட்டுறவுக்கும் இருக்கவில்லை.

அதனால்தான் பழைய சாம்பார்களுக்கு இன்னும் மவுசு. அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்ய இடம் உண்டு என்பதால், அங்குள்ள பண்ணையாளர்களும் ஜப்பானின் பழைய குட்டி லாரிகளைத் தேடி வாங்குகிறார்கள். ஜப்பானிலோ 13 ஆண்டு கடந்த வண்டிக்கு வரி கூடுகிறது. அப்படியும் கட்டி ஓட்டுகிறார்கள்.

குன்மா பெரியவரிடம் திரும்புவோம். தகுதிச் சோதனைக்கு நாள் நெருங்குகிறது. ஊர் மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்து, துருப்பிடித்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். பெரியவர் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். இரும்பு கணீரென்று ஒலித்தால் இன்னும் இரண்டு வருடம் முட்டைக்கோஸ் உண்டு. மொத்தென்று ஒலித்தால், அந்த நிலத்தை என்ன செய்வது என்று அன்று இரவே வீட்டில் பேச வேண்டியிருக்கும்.