கேனுவில் ஆளுக்கு ஒரு தூண்டில்



போன ஞாயிறு அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டிக்கிட்டு இருந்தப்ப நம்ம தொண்டூழியத் தம்பிங்க மூணு பேர் என்னைச் சுத்தி உட்கார்ந்துக்கிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "அண்ணே, கேனு எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போறோம். ஒரே ஒரு ராட், ஒரே ஒரு ரீல் வாங்குறதுன்னா எதை வாங்குறது?" பூசணிக்காயை வெட்டிக்கிட்டே பதில் சொல்ல ஆரம்பிச்சேன். பாதியிலேயே பந்தி போட வேண்டியதாயிடுச்சு. மிச்சத்தை எழுதிப் போடுறேன்னு சொன்னேன். அதான் இது. கொஞ்சம் நீளம், ஒரு தே தாரிக் கலக்கி வச்சுக்கிட்டுப் படிங்க.

கோயில் வேலை செய்றவன் மீன் பிடிக்கப் போகலாமான்னு அன்னைக்கே ஒரு பெரியவர் கேட்டார். புரட்டாசியில தூண்டிலைத் தொடுறதில்ல, விரத நாள்லயும் தொடுறதில்ல ஐயா, மத்தபடி போவேன்னு சொன்னேன். அறுபத்து மூவர்ல அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர்தானேன்னு சேர்த்துச் சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டார். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தா, "ஒன்னு எப்படிடா பத்தும்?"னு நானே கேட்டிருப்பேன். அப்ப என்கிட்ட ஏழு ராட் இருந்துச்சு. விராலுக்கு ஒன்னு, லம்பாமுக்கு ஒன்னு, தோமானுக்கு ஒன்னுன்னு வாங்கிக் குவிச்சிருந்தேன். அக்கா மகனைக் கூட்டிக்கிட்டு செண்டேரோ ஏரிக்குப் போனேன். கோல கங்சார் பக்கம், 1930-ல முடிஞ்ச பழைய அணைக்கட்டோட ஏரி அது. ஆழம் கம்மி. ஓரமெல்லாம் செடி கொடி, பட்ட மரம். மீனுக்கு நல்ல இடம், அவசரப்படுறவனுக்கு மோசமான இடம்.

மருமகனுக்கு அப்ப 14 வயசு. அத்தான் தவறி ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. வீட்டுல அவன் யார்கூடவும் பேச மாட்டான். தண்ணிக்கு வந்தா பேசுவான். அதுக்காகத்தான் நானும் கூட்டிக்கிட்டுப் போவேன், மீனுக்காக இல்ல.

அன்னைக்கு கேனுவுல ரெண்டு பேர், அஞ்சு ராட். பையனோட லூர் ஒரு மரத்துல மாட்டிக்கிச்சு. நான் பின்னால திரும்பி வேற ராட் எடுக்கப் போனேன். இன்னொரு ராட்டோட முள்ளு என் லைஃப் ஜாக்கெட்டுல மாட்டிருச்சு. அதை எடுக்கச் சாய்ஞ்சேன், அவனும் அதே பக்கம் சாய்ஞ்சான். கேனு கவிழ்ந்திருச்சு.

ரெண்டு பேரும் ஜாக்கெட் போட்டிருந்தோம், கரையும் பக்கம்தான். ஆனா பின்னல் நூல் அவன் கெண்டைக்கால்ல நாலு சுத்து சுத்திக்கிச்சு. பிரேய்ட்ன்னு சொல்றமே அதுதான். இழுத்தா அறுகாது, சதையைத்தான் அறுக்கும். கத்தி பெட்டிக்குள்ள இருந்துச்சு, பெட்டி தண்ணிக்குள்ள. நான் ஒரு கையால அவன் ஜாக்கெட்டையும் மறு கையால கேனுவையும் பிடிச்சிக்கிட்டு நின்னேன். சம்பான்ல வந்த ஒரு மலாய்க்காரப் பாக்சிக்தான் குனிஞ்சு நூலை வெட்டி விட்டாரு. ஒரு வார்த்தை திட்டல. அஞ்சு ராட்டையும் ஒரு தடவை பார்த்தாரு, அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அக்கா கால்ல இருந்த தழும்பைப் பார்த்துட்டாங்க. ஒரு வாரம் என்கிட்ட பேசல. அப்புறம் சொன்னாங்க, "தம்பி, புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் திரும்பி வர்றப்ப முகம் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தக் குச்சிக் கட்டைத் தூக்கிக்கிட்டுப் போறதா இருந்தா நீ மட்டும் போ. ஆளுக்கு ஒன்னு. அதுக்கு மேல வேணாம்."

அப்படித்தான் நானும் அவனும் "எந்த ஒன்னு?"ன்னு உட்கார்ந்து யோசிக்க ஆரம்பிச்சோம்.

முதல்ல நீளம். கரையில நிக்கிறப்ப 7 அடி, 8 அடி ராட் சுகம், தூரமா வீசலாம். கேனுவுல நீங்க தண்ணியை ஒட்டி உட்கார்ந்திருக்கீங்க. மீன் பக்கத்துல வந்தப்புறம் நீள ராட்டைத் தலைக்கு மேல தூக்கிப் பின்னால சாய்ச்சாத்தான் மீன் கைக்கு வரும். அப்படிச் சாய்க்கிறப்ப ராட் நுனி ஒடியும், இல்லன்னா கேனு ஆடும். சரி, 5 அடி போதுமேன்னு தோணும். அதுலயும் சிக்கல் இருக்கு. மீன் கேனுவுக்கு அடியில புகுந்து மறுபக்கம் ஓடும். அப்ப ராட்டைத் தண்ணிக்குள்ள இறக்கி, கேனு மூக்கைச் சுத்தி மறுபக்கம் கொண்டு போகணும். குட்டை ராட் எட்டாது. நூல் கேனு அடியில உரசும், ராட் விளிம்புல மடங்கி ஒடியும். ரெண்டுக்கும் நடுவுல 6 அடியில இருந்து 6 அடி 6 அங்குலம் வரைக்கும் சரியா வருது. நாங்க ரெண்டு பேரும் ஆறரை அடி எடுத்தோம்.

கடையில யாரும் பார்க்காத ஒன்னு, ரீலுக்குப் பின்னால இருக்கிற கைப்பிடி. அது நீளமா இருந்தா உட்கார்ந்த வாக்குல ஜாக்கெட்டுலயும் விளிம்புலயும் இடிச்சிக்கிட்டே இருக்கும். என் மருமகன் கடையில லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுத் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ராட்டா ஆட்டிப் பார்த்தான். தவுக்கேக்குச் சிரிப்பு தாங்கல. ஆனா அவன் செஞ்சதுதான் சரி. நீங்களும் அப்படியே பாருங்க, வெட்கப்படாதீங்க.

அடுத்தது பலம். கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல ராட் மேலயே எழுதியிருப்பாங்க. நம்ம ஆளுங்க விலையைப் பார்ப்பாங்க, கலரைப் பார்ப்பாங்க, அந்த எழுத்தைப் படிக்க மாட்டாங்க. "மீடியம்"னு இருக்கணும். லூர் எடை 7 கிராம்ல இருந்து 21 கிராம் வரைக்கும், நூல் 8-ல இருந்து 17 பவுண்டு வரைக்கும்னு இருந்தா எடுத்துக்கலாம். புழு கோத்து மிதவை போட்டு லம்பாம் பிடிக்கலாம், கரண்டி லூர் போட்டு செபராவ் பிடிக்கலாம், ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கலாம். எதுக்குமே இது முதல் தரம் இல்ல, ஆனா எல்லாத்துக்கும் போதும். 5 கிலோ தோமானை அடர்ந்த செடிக்குள்ள இருந்து இழுத்து வெளியே எடுக்க இது பத்தாது. கேனுவுல உட்கார்ந்துக்கிட்டு அதைச் செய்யணும்னும் இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

ஒரே நீளமா இல்லாம ரெண்டு துண்டா வர்ற ராட்டே வாங்குங்க. மைவி காருக்குள்ள வைக்கலாம், மரக்கிளைக்கு அடியில துடுப்பு போட்டுப் போறப்ப கழட்டி மடியில வச்சுக்கலாம். ஒரு விசயம், வீச வீச அந்த இணைப்பு தளரும். அப்பப்ப திருகி அழுத்திப் பாருங்க. இல்லன்னா மேல் துண்டு லூரோட சேர்ந்து பறந்து போயிடும். எனக்குப் போயிருக்கு.

கார்பன் ராட் லேசா இருக்கும், நாள் முழுக்கக் கை வலிக்காது. ஆனா ரெண்டு விசயம் தெரிஞ்சுக்கணும். ஒன்னு, கேனு விளிம்புல அடிபட்டா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அடுத்த பெரிய மீனுக்கு அந்த இடத்துலயே ஒடியும். இன்னொன்னு, கார்பன்ல மின்சாரம் பாயும். நம்ம ஊர்ல மத்தியானம் மூணு மணி ஆனா இடி மின்னல் எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும். திறந்த ஏரி நடுவுல ஆறரை அடிக் கார்பன் குச்சியைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு உட்கார்றது என்ன புத்தி? முதல் இடிச் சத்தம் கேட்டா ராட்டைக் கீழ போட்டுட்டுக் கரைக்குத் துடுப்பு போடுங்க. மீன் அடுத்த வாரமும் இருக்கும்.

இப்ப ரீல். இதுலதான் எனக்கும் பையனுக்கும் சண்டை. யூடியூப் பார்த்துட்டு அவனுக்கு ராட்டுக்கு மேல உட்கார்ற பேஸ்காஸ்டிங் மெஷின்தான் வேணும். "மாமா, அதுதான் புரோ எல்லாம் யூஸ் பண்றாங்க."

"அவங்க பெரிய போட்டுல நின்னுக்கிட்டு வீசுறாங்கடா. நீ குந்திக்கிட்டு வீசப் போற."

எடை கம்மியான லூரை எதிர்க்காத்துல வீசினா அந்த மெஷின்ல நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும். சிக்கெடுக்க ரெண்டு கையும் வேணும். அந்த நேரத்துல துடுப்பு சும்மா கிடக்கும், காத்து கேனுவைத் தள்ளிக்கிட்டுப் போய் முள்ளு மரத்துல சொருகிடும். ராட்டுக்குக் கீழ தொங்குற சாதாரண ஸ்பின்னிங் ரீல்ல அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. மரக்கிளைக்கு அடியில பக்கவாட்டுல சுண்டி விடலாம், 5 கிராம் புழுவும் போகும். கைப்பிடியை இடமோ வலமோ எந்தப் பக்கம் வேணும்னாலும் மாத்திக்கலாம். கனமான தவளையைச் செடிக்கு மேல வீசுறவங்களுக்குப் பேஸ்காஸ்டிங்தான் நல்லதுன்னு ஒத்துக்கிறேன். ஒன்னுதான் வாங்கணும்னா ஸ்பின்னிங்.

சைஸ் 2500 இல்லன்னா 3000. 4000 வாங்காதீங்க, ஆறரை அடி ராட்டுல மணிக்கட்டு சாயங்காலத்துக்குள்ள வீங்கிடும். நூல் 20 பவுண்டு பிரேய்ட். பிரேய்ட்டை நேரா சுத்தினா ஸ்பூல்ல வழுக்கும், அதனால அடியில கொஞ்சம் நைலான் தங்கூசி சுத்திட்டு மேல பிரேய்ட் சுத்தச் சொல்லுங்க. நுனியில 30 பவுண்டு லீடர் ஒரு கை நீளம். தோமானுக்குப் பல் உண்டு. வீசினதும் அந்தக் கம்பி வளையத்தைக் கையால மூடுங்க, ரீலைச் சுத்தி மூடாதீங்க. பாதிச் சிக்கல் அதுலயே போயிடும்.

டிராக்கை ரொம்ப இறுக்காதீங்க. கரையில நிக்கிறப்ப நீங்க நகர மாட்டீங்க. கேனு நகரும். மீன் இழுத்தா கேனு பின்னாலயே போகும், அதுவே பாதி பிரேக். சும்மா விடுங்க, மீன் கொஞ்ச தூரம் உங்களை இழுத்துக்கிட்டுப் போகட்டும். மரத்துப் பக்கம் போகாம மட்டும் பார்த்துக்குங்க.

விழுந்தா என்ன செய்றதுன்னு பையன் கேட்டான். ராட்டைக் கயிறு போட்டுக் கேனுவுல கட்டலாம்னு சில பேர் சொல்றாங்க. ஏற்கனவே ஒரு நூல் அவன் கால்ல சுத்தினதைப் பார்த்தவன் நான், இன்னொரு கயிறு வேணாம்னுட்டேன். ஏர்கோன் குழாய்க்குச் சுத்துற கருப்பு ஸ்பாஞ்ச் இருக்கே, அதைப் பின் கைப்பிடியில கட்டி வாளித் தண்ணியில போட்டுப் பார்த்தோம். முதல் துண்டு பத்தல, முழுகிடுச்சு. இன்னொரு துண்டு மேல சுத்தினோம். நட்டமா நின்னு பின் நுனி மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு. போதும். பார்க்க அசிங்கமா இருக்கும், பரவால்ல. கத்தி இப்ப பெட்டியில இல்ல, ரெண்டு பேர் ஜாக்கெட்டுலயும் தொங்குது.

ராட்டும் ரீலும் சேர்த்து அவனுக்கு 280 வெள்ளி ஆச்சு. தீபாவளி அங்பாவ் சேர்த்து வச்ச காசு. நான் தர்றேன்னு சொன்னேன், வேணாம்னுட்டான். அத்தான் ஈப்போ பக்கம் பழைய ஈயக் குட்டையில மூங்கில் கம்பை வச்சே பிடிச்சவர். "அப்பாகிட்டயும் ஒன்னுதானே மாமா இருந்துச்சு"ன்னான். அவன் அப்பாவைப் பத்தி என்கிட்ட அவனாப் பேசினது அன்னைக்குத்தான்.

புது ராட்டோட முதல் தடவை போனப்ப காலையில ரெண்டு லம்பாம் கிடைச்சது, ஒரு சின்ன செபராவ் வந்துச்சு, அதைத் திருப்பி விட்டுட்டான். பத்து மணிக்கு தண்ணி மேல சிவப்பா ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரிஞ்சுச்சு. தோமான் குஞ்சு. நூத்துக்கணக்குல ஒரே பந்தா மேல வந்து மூச்சு வாங்கிட்டு இறங்கும். அடியில பெருசு காவல் இருக்கும். குஞ்சுக் கூட்டத்து மேல எதைப் போட்டாலும் பாய்ஞ்சு கடிக்கும், அதனால அதைத் தேடியே போற ஆளுங்க உண்டு. பையன் லூரை மாத்திக்கிட்டு ராட்டைத் தூக்கிட்டான்.

"அடியில அம்மாவா மாமா?"

"ரெண்டும் இருக்கும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்துதான் காவல் காக்கும்."

"பிடிச்சிட்டா?"

"பிடிச்சிட்டா குஞ்சை மத்த மீனு தின்னுடும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான். லூரைக் கழட்டிட்டு மறுபடியும் புழுவைக் கோத்தான். துடுப்பை எடுத்து அவனே அந்த இடத்தை விட்டு கேனுவைத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்தா ரீலைப் பைப்புத் தண்ணியில மெதுவா நனைச்சுத் துடைங்க, வேகமாப் பீச்சினா மண்ணு உள்ள போகும். துடைச்சிட்டு டிராக்கைத் தளர்த்தி வைங்க. மிச்ச ஆறு ராட்டை நான் வித்துட்டேன், ஒன்னே ஒன்னு நம்ம பந்தல்காரத் தம்பிகிட்ட இருக்கு. என்னோடது கார்லயேதான் கிடக்கு. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் காய்கறி வெட்ட வர்றப்ப கொண்டு வர்றேன். வாங்குறதுக்கு முன்னாடி கையில பிடிச்சிப் பாருங்க தம்பிங்களா. அப்படியே வெங்காயம் உரிக்க ஆள் பத்தல, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.